நிழற்படக் கலைஞர் கௌதம் ராஜாத்யக்ஷா

மக்கள் முகத்தைப்போற் பிறர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதும், தம் கண்ணுக்கு ஒருபொழுதும் நேரே புலப்படாததுமாகிய பொருள் பிறிதொன்றில்லை. கண்ணாடியிற் காண்பதும் இடம்வலம் மாறிய முகமேயன்றி ஊரார் காணும் முகம் அன்று. ஆகவே தம் உருவப்படத்தை முதன்முதற் கையில் வாங்குவோர் எவரும் சிறிது திகைப்பர், “நான் இப்படியா இருக்கிறேன்?” என்று கேட்பர். அருகில் நிற்போரோ, “அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கிறது” என்பர். இவ்விருவர்க்கும் இடையே நின்று இருவர் மனமும் கோணாமற் செய்யவேண்டிய தொழிலே உருவப்படம் எடுக்கும் தொழில். அத்தொழிலிற் பெரும்பெயர் பெற்று 2011-ஆம் ஆண்டில் மறைந்த பம்பாய் கௌதம் ராஜாத்யக்ஷா அவர்களைப் பற்றி நம் கலாசாலை மாணவர்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம். நடிகர் நடிகையரைப் படம் எடுத்தவர்க்குக் கலாசாலை இதழில் இடம் எதற்கு என்று புருவம் நெரிக்கும் பெரியோர் சிறிது பொறுத்தருள்க. அவரும் நம்மைப்போல் ஒரு மிஷன் கலாசாலையில் இரசாயனம் படித்தவரே.

நமக்கு அவர்மீது ஈடுபாடு வந்த வழியை முதலிற் கூறவேண்டும். நாம் பிறந்து வளர்ந்த ஊர் செவிலிமேடு. காஞ்சிமாநகரிலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையிற் பாலாற்றின் வடகரையில் உள்ளது. 2011-ஆம் ஆண்டிற் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்க்கப்பட்டு இப்பொழுது மாநகராட்சியின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. இராமானுசர் வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்ததாகச் சொல்லப்படும் சாலைக்கிணறு நம் ஊர்ப் பக்கத்தது. வெளியூரார் அக்கிணற்றைக் காண வருவர். நம்மவரோ தறிக்குழியை விட்டு எழ நேரமின்றி இருப்பர். நெசவாளர் வீடுகளில் நிழற்படம் என்பது அந்நாளில் இருமுறையே எடுக்கப்பெறும்: மணவறையில் ஒன்று, பாடையில் ஒன்று. நம் பாட்டனார்க்கு மணவறைப் படமும் இல்லை. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அவருடைய ஒரே படத்தில், மாலையின் நடுவே, அவர் கண் மூடியிருக்கின்றார். ஐம்பது ஆண்டுகளாய்ப் பட்டிழையை உற்று நோக்கிய கண்கள் எப்படியிருந்தன என்பதை நாம் தந்தையார் வாய்மொழியால் அன்றி அறியோம்.

1988-ஆம் ஆண்டில் நம் தமக்கையார்க்கு வரன் பார்க்கத் தொடங்கினர். படம் ஒன்று வேண்டும் என்று தரகர் கூறவே, நகரத்திலிருந்த ஒரு படநிலையத்திற்கு அவரை அழைத்துச் சென்றனர். அரக்கு நிறப் பட்டுச் சேலை. தலை நிறையப் பூ. பின்னே அன்னப்பறவை நீந்தும் தடாகம் எழுதிய திரை. தமக்கையாரின் இடக் கன்னத்தில் ஒரு மச்சமும், நெற்றியில் அம்மை வார்த்த தழும்பு இரண்டும் உண்டு. நிறமும் நம் வீட்டார் எல்லாரையும்போல் மாநிறம். ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை, நிறமோ எலுமிச்சம்பழத்தை ஒத்திருந்தது. கண்ணாடித் தகட்டுக் காலத்திலிருந்தே படநிலையத்தார் கையாண்டுவந்த உபாயம் இது. மறிநிலைப் படச்சுருளின்மேற் கூர்மையான பென்சிலால் மெல்ல மெல்லத் தீட்டினால், தீட்டிய இடம் அச்சில் வெளுத்துத் தோன்றும். எஞ்சியதைத் தூரிகை பார்த்துக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தனர். தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளை வீட்டார் வந்தனர். பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். பின்பு தாம்பாளத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். “பெண் இதுதானா? படத்தில் வேறு மாதிரி இருந்தாளே!” என்றார். அவ்வளவே. காபி அருந்தாமலே எழுந்து சென்றனர். அன்று மாலை தமக்கையார் தந்தையாரிடம் கேட்டது இன்றும் நம் செவியில் உளது: “அப்பா, நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. படம் சொன்ன பொய்க்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்?” தந்தையார் பாவுக்குக் கஞ்சி போடும் வேலையை விட்டு நிமிரவில்லை. அடுத்த வரன் வந்தபொழுது படம் கொடுத்தனுப்பத் தமக்கையார் இசையவில்லை. படம் இல்லாமலே 1991-ஆம் ஆண்டில் ஆரணியில் வாழ்க்கைப்பட்டார்.

இக்கேள்வி நெஞ்சில் இருக்கும் காலத்திலேதான் நாம் கலாசாலையின் வாசகசாலையில் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டி, அவற்றிற் கௌதம் ராஜாத்யக்ஷா என்னும் பெயரைக் கண்டோம். அப்படங்களிலும் எல்லா முகங்களும் அழகாயிருந்தன. எனினும் அன்னப்பறவைத் திரையின்முன் பிறந்த அழகு போன்றதன்று அது. வேறுபாடு யாது என்று தெரிந்துகொள்ளும் ஆவலே அவர் வரலாற்றை நாடச் செய்தது.

அவர் 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ஆம் நாள் பம்பாயில் ஒரு மராட்டியக் குடும்பத்திற் பிறந்தார். எழுத்தாளர் ஷோபா தே அவர்கள் அவர்க்கு ஒன்றுவிட்ட சகோதரியாவார். தூய சவேரியார் உயர்நிலைப் பள்ளியிலும், 1869-ஆம் ஆண்டில் இயேசு சபையார் நிறுவிய தூய சவேரியார் கலாசாலையிலும் பயின்று, இரசாயனத்திற் பட்டம் பெற்றுச் சிறிது காலம் அங்கேயே பயிற்றுவித்தார். பின்னர் விளம்பரத் துறையில் டிப்ளோமா பெற்று, 1974-ஆம் ஆண்டில் லிண்டாஸ் என்னும் விளம்பர நிறுவனத்தின் நிழற்படப் பிரிவிற் சேர்ந்து, காலப்போக்கில் அப்பிரிவின் தலைவரானார். இரசாயன ஆசிரியர் விளம்பரப் படத்துக்குப் போனார் என்றால் அந்நாட் பெற்றோர் தலையில் அடித்துக்கொண்டிருப்பர். இந்நாட் பெற்றோரும் அவ்வாறே என்று மாணவ நண்பர்கள் நம்மிடம் முறையிடுகின்றனர்.

இரசாயனம் வீணாயிற்று என்று கொள்ளற்க. அக்காலத்து நிழற்படம் முழுவதும் இரசாயனமே. படச்சுருளின்மேற் பூசிய வெள்ளி உப்பின் நுண்பொடிகள் ஒளி பட்ட இடத்தில் மாத்திரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாறுதல் அடைகின்றன. துலக்கும் திரவத்தில் இட்டவுடன் அவை கருநிற வெள்ளியாய் மாறி உருவம் காட்டுகின்றன. எஞ்சிய உப்பை ஹைப்போ என்னும் திரவம் கரைத்துவிடுகின்றது. வண்ணச் சுருளில் அவ்வெள்ளியின் இடத்தைச் சாயங்கள் பெறுகின்றன. நம் ஊரார்க்கு இதிற் புதுமை இராது. செந்நிறப் பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதன்றோ நம் சரிகை? பழஞ்சேலையை உருக்கி வெள்ளி எடுப்பார் காஞ்சியில் உண்டு; பழைய ஹைப்போவிலிருந்து வெள்ளி எடுப்பார் படநிலையங்களைச் சுற்றி வந்ததும் உண்டு. ஒரே உலோகம் ஒரு பெண்ணின் தோள்மேற் சேலைக் கரையாகவும், அவள் உருவத்தைத் தாங்கும் சுருளாகவும் இருவேறு வடிவம் கொண்டிருந்ததை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே.

1980-ஆம் ஆண்டளவில் ஷபானா ஆஸ்மி முதலிய திரைக்கலைஞரைப் படம் எடுக்கத் தொடங்கிய ராஜாத்யக்ஷா அவர்கள், ஏழாண்டுகள் அலுவலகப் பணியையும் இதனையும் ஒருசேர நடத்தினார். 1987-ஆம் ஆண்டில் லிண்டாஸை விட்டு வெளியேறி, முழுநேரமும் இத்தொழிலையே மேற்கொண்டார். மாதச் சம்பளத்தை விடுவதற்கு ஏழாண்டு யோசித்திருக்கின்றார் என்பதை, மறுநாளே புகழ் பெற விரும்பும் இளைஞர்கள் கருதிப் பார்க்கலாம். அதன்பின் பம்பாயில் வெளிவந்த திரைப்படச் சஞ்சிகைகளின் மேலட்டைகள் பலவற்றில் அவர் கைவண்ணமே காணப்பட்டது. லதா மங்கேஷ்கர், ரேகா, மாதுரி தீட்சித் ஆகியோரின் படங்களில் மக்கள் மனத்தில் நிலைத்தவை சில அவர் எடுத்தவையே. ஷோபா தே அவர்கள் ஆசிரியராயிருந்த செலிபிரிட்டி என்னும் இதழிற் பத்தி எழுதினார். சந்தேரி என்னும் மராட்டிய இதழின் ஆசிரியராயிருந்தார். நடிகை காஜோலின் முதற்படமாகிய பேகுதி 1992-ஆம் ஆண்டிலும், அஞ்ஜாம் என்னும் படம் 1994-ஆம் ஆண்டிலும் அவர் எழுத்தின் துணைகொண்டு வெளிவந்தன. மேனாட்டு ஆபரா இசையில் அவர்க்கிருந்த பற்று நண்பர் பலரும் அறிந்தது. எழுத்து முயற்சிகளைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. அவர் பெயர் நிற்பது முகங்களாலேயே.

1997-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் பெயரும் ‘முகங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே. துர்கா கோட்டே முதல் ஐசுவரியா ராய் வரை 45 திரைக்கலைஞரின் உருவங்கள் அதில் அடங்கியுள்ளன. துர்கா கோட்டே 1905-ஆம் ஆண்டிற் பிறந்து, பேசும்படம் தோன்றிய நாளிலேயே நடிக்கப் புகுந்தவர். ஐசுவரியா ராய் அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே மணிரத்னத்தின் இருவர் என்னும் தமிழ்ப் படத்தில் அறிமுகமானவர். ஏறக்குறைய எழுபதாண்டுத் திரையுலகை ஒருவர் தம் ஒரு கருவியின்முன் வரிசையாய் அமரச்செய்தார் என்றால், அதனை வெறும் அலங்கார வேலை என்று ஒதுக்குதல் தகாது.

இனி நாம் தேடிய வேறுபாட்டிற்கு வருவோம். செவிலிமேட்டுப் பெண்ணின் முகத்தை மாற்றிய படநிலையத்தார், படம் எடுத்து முடிந்தபின் வேலை தொடங்கினர். ராஜாத்யக்ஷா போன்றவரின் வேலையோ பெரும்பகுதி படம் எடுக்குமுன்னரே முடிந்துவிடுகின்றது. எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வரவேண்டும், அதனை வெண்டுணி வழியே விட்டு மென்மையாக்குவதா, நேரே விட்டு எலும்பின் கோடுகளைக் காட்டுவதா, நிழல் விழும் கன்னத்திற்கு வெண்பலகையால் எவ்வளவு ஒளி திருப்புவது, கண்மணியில் ஒளிப்பொட்டு எங்கே விழவேண்டும் என்பனவெல்லாம் முன்னரே முடிவாகின்றன. முகத்தருகே குறுகிய வில்லையை வைத்தால் மூக்குப் பெரிதாகிக் காதுகள் பின்வாங்கும். ஆதலின் உருவப்படக்காரர் 85 மில்லிமீட்டர் முதல் 135 மில்லிமீட்டர் வரையுள்ள வில்லைகளைக்கொண்டு சிறிது விலகி நிற்பர். இவையெல்லாம் கற்கக்கூடியன. எதிரே இருப்பவரின் தோள் எப்பொழுது தளர்கின்றது, எப்பொழுது அவர் படத்திற்காக இருப்பதை மறந்து தமக்காக இருக்கின்றார் என்று காத்திருப்பதுதான் கல்வியால் வாராதது. அவரோடு பழகியோர் பலரும் அவர்தம் இனிய பேச்சையும் பெருந்தன்மையையுமே முதலிற் குறிப்பிடுகின்றனர். ஒளியைக் காட்டிலும் பேச்சே அவர்க்குப் பெருங்கருவியாயிருந்தது போலும்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கனடாவின் ஒட்டாவா நகரில் யூசுப் கார்ஷ் என்பவர் இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சிலைப் படம் எடுக்க நின்றார். சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டை நீக்கவில்லை. கார்ஷ் பணிவோடு அருகே சென்று அதனைச் சட்டென்று பறித்துவிட்டார். அவ்வளவில் எழுந்த சினமே உலகம் அறிந்த சிங்க முகமாய்ப் படத்திற் பதிந்தது. சினமூட்டி எடுத்தது ஒரு முகம். இளகவைத்து எடுத்தது மற்றொரு முகம். இரண்டும் அம்மனிதர்களுடைய முகமே. நம் நாட்டில் இவர்க்கெல்லாம் முன்னோராகிய ராஜா தீன் தயாள் (1844–1905) ஐதராபாத் நிசாமின் அவையில் இருந்துகொண்டு, 1892-ஆம் ஆண்டிற் கோஷாப் பெண்டிர்க்கெனத் தனிப்படநிலையம் ஒன்று அமைத்து, அதனை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டார். எதிரே இருப்பவரின் கூச்சம் நீங்கினாலன்றி முகம் அகப்படாது என்பதை அவரும் அறிந்திருந்தார்.

ஆயினும் ராஜாத்யக்ஷா அவர்களின் படங்கள் முழு மெய் என்று சொல்ல நாம் துணியோம். ஒப்பனைக் கலைஞர் ஒருவர், முடி திருத்துவோர் ஒருவர், உடை தெரிந்தெடுப்போர் ஒருவர் என்று பலர் கைபட்ட பின்னரே நடிகையர் கருவியின்முன் வந்தமர்வர். எடுத்த படங்களில் நல்லதே அச்சேறும். மற்றவை பெட்டியில் உறங்கும். எவரையும் அவர் கடிந்து நோக்கவில்லை. அதுவே அவர் பெருமை, அதுவே குறையும். அவர் படங்களை ஒருசேர நெடுநேரம் பார்த்தால், விருந்துச் சோற்றையே நாள்தோறும் உண்பவர்போல ஒருவகை அலுப்புத் தோன்றுவதை மறைத்தற்கில்லை. அமெரிக்க நாட்டில் ஆடையலங்காரப் படங்களாற் புகழ்பெற்ற ரிச்சர்டு அவெடான், 1979 முதல் 1984 வரை மேற்கு மாகாணங்களில் அலைந்து, சுரங்கத் தொழிலாளரையும் ஊர்சுற்றிகளையும் வெண்திரையின்முன் நிறுத்தி, கரியும் வியர்வையும் மாறாமற் படம் எடுத்தார். பணம் படைத்தோர்க்குக் காட்டிய அதே கவனத்தைக் கூலியாளர்க்கும் காட்டினார். அவ்வழியில் நம் கலைஞர் திரும்பியிருப்பின் எத்தகைய முகங்கள் நமக்குக் கிடைத்திருக்கும் என்று நாம் ஏங்குவதுண்டு.

அவர் காலம் முடிவதற்குள் வெள்ளியுப்பின் காலமும் முடிந்துவந்தது. படங்கள் எண்களாய் மாறின. பென்சிலும் தூரிகையும் செய்ததைக் கணிப்பொறி நொடியிற் செய்யலாயிற்று. இன்று கைப்பேசியே, கேளாமலே, கன்னத்து மச்சத்தை அழித்து நிறத்தை வெளுக்கின்றது. தமக்கையாரின் மகள் தன் படத்தை அவ்வாறு மாற்றித் தாயிடம் காட்டியபொழுது, தமக்கையார் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி நெடுநேரம் பார்த்து, “இது யாரம்மா?” என்று கேட்டார். பெண் சிரித்தாள், தமக்கையார் சிரிக்கவில்லை.

சென்னையிலும் இத்துறையில் வல்லார் பலர் தோன்றியுள்ளனர். சுகாசினி மணிரத்னம் அவர்களின் ‘நாம்’ அறக்கட்டளைக்கென ஜி. வெங்கட் ராம் என்பவர் 2020-ஆம் ஆண்டு நாட்காட்டியில் இரவிவர்மா (1848–1906) எழுதிய பெண்ணோவியங்களை நடிகையரைக்கொண்டு மீண்டும் அமைத்துக் காட்டினார். அதனைப் பார்த்த நம் ஊரார் சிலர் நடிகையர் பெயரைச் சொல்லுமுன் சேலைகளின் நிறத்தைச் சொல்லத் தொடங்கினர். இது வியப்பன்று. புகழ்பெற்ற ஒரு பெண்ணின் உடை ஊர்தோறும் பரவும் வழக்கம் நிழற்படத்தார்க்கு மட்டும் உரியதன்று. நெசவாளர்க்கும் அதிற் பங்குண்டு. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார்க்கென நெய்துகொடுத்த நீலம் ‘எம். எஸ். நீலம்’ என்றே பெயர்பெற்று இன்றளவும் விற்கின்றது. அம்மையாரின் பழம்படங்கள் பல கறுப்பு வெள்ளையில் இருப்பதால் அந்நீலம் அவற்றில் வெறும் சாம்பலாய்த் தெரியும். மிகப் பழைய சுருள்களோ செந்நிறத்தை அறியா. ஆதலின் அரக்குச் சேலை அவற்றிற் கரியதாகவே பதியும். மயில்கழுத்துப் பட்டை எடுத்துக்கொண்டால், பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாய் இருத்தலின், ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தாற் பச்சை. எந்த நிறத்தைப் பதிப்பது என்று நிழற்படத்தார் திகைப்பர். இரண்டும் மெய்யே என்று நெசவாளர் கூறுவர்.

ராஜாத்யக்ஷா அவர்கள் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 13-ஆம் நாள், அறுபத்தோராம் வயது நிறைய மூன்று நாட்களே இருக்க, மாரடைப்பால் மும்பையில் இயற்கை எய்தினார். அச்செய்தி வந்த வாரத்தில், அவர் எடுத்த படங்கள் வெளியான ஒரு பழஞ்சஞ்சிகையை நாம் செவிலிமேட்டு வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். தந்தையார்க்கு அப்பொழுது எழுபத்தாறு வயது. தறியை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முகத்தின் அழகையும் ஒளியின் நயத்தையும் எடுத்துக்காட்டுவோம் என்று ஒரு நடிகையாரின் படத்தை அவர்முன் விரித்தோம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இழை எண்ணும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, தோள்மேற் கிடந்த முந்தானையின் அருகே அதனை வைத்துக் குனிந்தார்.

“கோர்வை போட்ட சேலையடா இது. இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது. ஒருவன் கை கொஞ்சம் இறுக்கம். பார், கரை இங்கே இழுத்திருக்கிறது.”

நாமும் குனிந்து பார்த்தோம். கரை இழுத்தேயிருந்தது. அதனை எவரும் திருத்தவில்லை.